சூரியன் நிஜமாவே வெடிக்குமா? மூன்று முறை காரணம் தேடிய ஆர்தர் சி. கிளார்க்

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற அனந்தபுரத்தில், களத்தில் காயும் மல்லாட்டை மீது இப்போது விழுகிற வெயில், சூரியனை விட்டுக் கிளம்பி சுமார் 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. இந்த நொடியில் சூரியனுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும், அடுத்த 8 நிமிடத்துக்கு நமக்குத் தெரியாது. மல்லாட்டை பாட்டுக்குக் காயும். ராஜகிரிக் கோட்டையின் பாறை பாட்டுக்குச் சுடும்.

கதை எழுதுகிறவருக்கு இந்த ஒரு தகவலே போதும். சூரியன் அணைகிறது, வெடிக்கிறது, வீங்குகிறது என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கதையைப் படிக்கிற யாராவது ஒருவர், ஏன் அப்படி ஆச்சு என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஏனென்றால் சூரியன் ரொம்பச் சமர்த்தான நட்சத்திரம்.

அந்தப் பதிலை ஒருவர் தன் வாழ்நாளில் மூன்று முறை தேடினார். 1946, 1986, 2005. ஒவ்வொரு முறையும் அந்தக் காலத்து அறிவியல் எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்ததோ அதன் வழியாகவே உள்ளே போனார். பின்னால் வந்த அறிவியல் அந்தக் கதவை மூடியது. அவர் பெயர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, வாழ்க்கையின் பெரும்பகுதியை நமக்குப் பக்கத்தில், கொழும்பில் கழித்தவர்.

தொலைநோக்கியோடு ஒரு கிராமத்துப் பையன்

1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார் கிளார்க். அப்பா விவசாயம் பார்த்தவர். கிளார்க்குக்கு 13 வயதானபோது இறந்துவிட்டார். பையனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று, தானே செய்த தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைபடம் போடுவது. இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வரும் அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளைச் சேர்ப்பது.

பல்கலைக்கழகத்தில் படிக்கக் காசு இல்லை. 1936இல் லண்டனுக்குப் போய் அரசு தணிக்கைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கணக்கு, மாலையில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்தில் ராக்கெட் பேச்சு. நிலவுக்குப் போவதைப் பற்றிப் பேசினாலே ஊர் சிரித்த காலம் அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. விமானப்படையில் சேர்ந்து, மூடுபனியிலும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க உதவும் ரேடார் கருவியில் வேலை பார்த்தார். 1945 அக்டோபரில் ஒரு வானொலி இதழில் அவர் கட்டுரை ஒன்று வந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்பது அதன் சாரம். அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. இன்று டிஷ் டிவிக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் நிற்பது அந்தச் சுற்றுப்பாதையில்தான்.

போர் முடிந்தபின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948இல் இயற்பியல், கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். அதற்கு முன்பே கதை எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் முதலில் விற்ற கதையிலேயே சூரியன் வெடித்தது.

முதல் முயற்சி: 1946

அந்தக் கதையின் பெயர் 'ரெஸ்க்யூ பார்ட்டி'. 1946 மே மாதம் ஓர் அமெரிக்க இதழில் வந்தது. சூரியன் வெடிக்க இன்னும் சில மணி நேரமே இருக்கிறது. வேற்றுலகவாசிகள் மனிதர்களைக் காப்பாற்ற ஓடி வருகிறார்கள். வந்து பார்த்தால் பூமியில் ஒருவரும் இல்லை. மனிதர்கள் ஏற்கனவே பெரிய கப்பல் படையோடு கிளம்பிப் போய்விட்டார்கள்.

இதில் சூரியன் 'நோவா' ஆகிறது. மங்கலாக இருந்த நட்சத்திரம் திடீரென்று பல ஆயிரம் மடங்கு பிரகாசமாவதுதான் நோவா. வானியலாளர்கள் நோவாக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது ஏன் நடக்கிறது என்பதற்கு 1946இல் உறுதியான விளக்கம் இல்லை. சாதாரண நட்சத்திரம் எதுவும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்று நினைக்க இடம் இருந்தது. ஆகவே கிளார்க் பெரிதாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தக் கதவு சீக்கிரமே மூடியது. 1950களிலும் 60களிலும் செய்த ஆய்வுகளில், நோவா ஆகும் நட்சத்திரங்கள் தனி ஆள் அல்ல, ஜோடி என்று தெரிந்தது. ஜோடியில் ஒன்று செத்துச் சுருங்கிய வெண் குள்ளன். அது பக்கத்து நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சித் தன்மேல் பூசிக்கொள்கிறது. பூச்சு ஓர் அளவுக்கு மேல் தடித்ததும் பற்றிக்கொள்கிறது. நம் சூரியனுக்கு ஜோடி இல்லை. அது வெண் குள்ளனும் இல்லை. அதனால் நோவாவும் இல்லை.

அப்போ சூப்பர்நோவா?

அதுவும் முடியாது. இதற்கான கணக்கைத் தொடங்கி வைத்தவர் சென்னையில் படித்த ஒரு மாணவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் கேம்பிரிட்ஜ் போகும் கப்பலிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். வெண் குள்ளன் ஒன்று சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் தன் எடையிலேயே நொறுங்கும் என்று அது காட்டியது. இதுவே சந்திரசேகர் எல்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தன் மையம் நொறுங்கி வெடிக்க, ஒரு நட்சத்திரம் சூரியனைவிட ஏறக்குறைய 8 மடங்கு நிறையோடு பிறந்திருக்க வேண்டும். சூரியன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அது வீங்கிச் சிவப்பாகும், வெளிப்புறத்தை ஊதித் தள்ளும், கடைசியில் வெண் குள்ளனாக ஆறிப்போகும். அதற்கு முன்பே, மெல்ல மெல்லக் கூடும் வெப்பத்தால், சுமார் 100 கோடி ஆண்டுகளில் பூமியின் கடல்கள் வற்றும். இரண்டுமே கதைக்கு உதவாது. ரொம்ப மெதுவாக நடக்கும்.

கடலுக்காக வந்தவர்

1956இல் கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். காரணம் கடலுக்கடியில் நீந்துவது. நீருக்குள் உடல் எடையில்லாமல் மிதக்கும். விண்வெளிக்குப் போக முடியாதவருக்கு அதுதான் அடுத்த வாய்ப்பு.

அந்த ஆண்டே அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலில் இறங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய கல் தூண்கள் அங்கே கிடந்தன. அடுத்த ஆண்டு வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' நூலில் அதைப் பதிவு செய்தார். 1961இல் தென்கிழக்குக் கடலில் வில்சன் குழுவுக்கு மூழ்கிய கப்பல் ஒன்று கிடைத்தது. உள்ளே கட்டி கட்டியாக அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். 1698இல் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததே, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அச்சான காசுகள் அவை.

இதற்கு நடுவே எழுத்தும் நிற்கவில்லை. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வெளிவந்து அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. 1975இல் இந்தியாவின் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி காட்டும் சோதனை நடந்தபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஓர் ஆண்டெனாவை நிறுவினார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி ஒளிபரப்பே தொடங்கியிருக்கவில்லை. 30 வருஷத்துக்கு முன் காகிதத்தில் போட்ட யோசனை, அவர் வீட்டுக்குள்ளேயே படமாக ஓடியது.

கிளார்க் எழுதும் முறையைப் புரிந்துகொள்ள 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலைப் பார்த்தால் போதும். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. அந்த லிஃப்ட் பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும். இலங்கையோ கொஞ்சம் வடக்கே இருக்கிறது. கிளார்க் இயற்பியலை வளைக்கவில்லை. இலங்கையையே ஏறத்தாழ 800 கி.மீ. தெற்கே தள்ளினார். தள்ளிவிட்டேன் என்பதை முன்கூட்டியே வாசகரிடம் சொல்லியும்விட்டார். எதைக் கற்பனை செய்தோம், எதைச் செய்யவில்லை என்று கணக்குக் காட்டுவது அவர் பழக்கம்.

காணாமல் போன துகள்கள்

இந்தச் சமயத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் ஒரு வினோதம் நடந்துகொண்டிருந்தது.

சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பம். ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாக மாறுகிறது. அப்போது இரண்டு விஷயங்கள் வெளியே கிளம்புகின்றன. ஒன்று ஒளி. இன்னொன்று நியூட்ரினோ என்ற துகள்.

ஒளியின் பாடு திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் பாடு. ஒவ்வோர் அடியிலும் மோதி, திரும்பி, மறுபடி மோதி, அந்த ஆற்றல் மேற்பரப்புக்கு வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்கின்றன சில கணக்குகள். நியூட்ரினோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எதிலும் மோதாமல் சுமார் 2 நொடியில் சூரியனைத் தாண்டிவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக இப்போது நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போகின்றன. ஒன்றும் தெரியாது.

ஆக, வெயில் சொல்வது சூரிய மையத்தின் பழைய செய்தி. நியூட்ரினோ சொல்வது இன்றைய செய்தி.

ரே டேவிஸ் என்ற விஞ்ஞானி அந்த இன்றைய செய்தியைப் பிடிக்க நினைத்தார். தரைக்கு அடியில் கிட்டத்தட்ட 1.5 கி.மீ. ஆழத்தில், சுமார் 3.8 லட்சம் லிட்டர் திரவம் நிரம்பிய தொட்டியை வைத்தார். துணிகளை டிரை கிளீனிங் செய்யப் பயன்படும் அதே திரவம்தான். அதில் இருக்கும் குளோரின் அணு மீது எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதினால், அது ஆர்கான் அணுவாக மாறும். அந்தப் பெரிய தொட்டியில் ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஓர் அணு. அதைத் தேடி எண்ண வேண்டும்.

1968இல் முதல் முடிவு வந்தது. ஜான் பாக்கால் என்ற விஞ்ஞானி போட்ட கணக்குப்படி வரவேண்டிய நியூட்ரினோக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் வந்தன. கருவியைச் சரிபார்த்தார்கள். கணக்கைச் சரிபார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் எண்ணினார்கள். குறைவு குறைவாகவே இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம்? ஒன்று, சூரியனைப் பற்றி நமக்குத் தெரிந்தது தப்பு. இரண்டு, நியூட்ரினோவைப் பற்றித் தெரிந்தது தப்பு. முதல் வழியில் யோசித்தவர்களில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபவுலரும் ஒருவர். சூரியனின் மையம் தற்காலிகமாகக் கொஞ்சம் மந்தமாகியிருக்கலாம், ஒளி தாமதமாக வருவதால் அது நமக்கு இன்னும் தெரியவில்லை என்று 1972இல் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். அடுப்பு அணைந்தும் தோசைக்கல் சூடாக இருப்பது மாதிரி.

கிளார்க்குக்கு வேண்டிய கதவு திறந்தது.

இரண்டாம் முயற்சி: 1986

'தி சாங்ஸ் ஆஃப் டிஸ்டண்ட் எர்த்' முதலில் 1958இல் வந்த சிறுகதை. அதை அவர் 1986இல் நாவலாக விரித்தார். தான் எழுதியவற்றிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று பின்னாளில் சொல்லியும் இருக்கிறார்.

நாவலில் வரும் பேரழிவு அந்தத் தங்கச் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறது. 1960களில் நியூட்ரினோ குறைகிறது. கருவியில் கோளாறு இல்லை என்று உறுதியாகிறது. சூரியனின் மையத்தில்தான் ஏதோ சரியில்லை. கி.பி. 3600 வாக்கில் அது நோவா ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். மனித குலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அவகாசம். முதலில் கருக்களைச் சுமந்த சிறு கப்பல்களை அனுப்புகிறார்கள். கடைசியில் 'மெகல்லன்' என்ற பெரிய கப்பல், உறங்கும் மனிதர்களோடு கிளம்புகிறது. வழியில், ஏற்கனவே மனிதர்கள் குடியேறிய, கிட்டத்தட்ட முழுக்கக் கடலாக இருக்கும் தலாசா என்ற கோளில் நிற்கிறது. கப்பலின் முன்பக்கத்தில் தூசி மோதாமல் காக்கும் பனிக்கட்டிக் கவசத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் எதுவும் இதில் இல்லை. சினிமாவில் வரும் விண்வெளிச் சண்டைகளுக்கு மாற்றாக, நடக்கச் சாத்தியமுள்ள ஒரு நட்சத்திரப் பயணத்தை எழுதப் பார்க்கிறேன் என்று முன்னுரையிலேயே அவர் தெளிவாக்கிவிட்டார்.

இங்கே எது அறிவியல், எது கற்பனை? நியூட்ரினோ குறைந்தது நிஜம். விஞ்ஞானிகள் குழம்பியது நிஜம். மையம் மந்தமாகியிருக்கலாம் என்ற சந்தேகமும் நிஜம். ஆனால் அதிலிருந்து நோவாவுக்குப் போவது கிளார்க் போட்ட தாவல். மையத்தில் அணு இணைவு முழுசாக நின்றுபோனாலும் சூரியன் வெடிக்காது. தன் ஈர்ப்பால் மெல்லச் சுருங்கி, அந்தச் சூட்டிலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிந்துகொண்டிருக்கும். மூன்று படி நிஜத்தில் ஏறி, நாலாவது படியில் காற்றில் கால் வைப்பது. நல்ல அறிவியல் கதைகள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன.

சூரியன் நிலையானது என்பதற்கான சாட்சி விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வானூர் பக்கம் திருவக்கரையில் கல்லாக மாறிய மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. இன்றைய வெயில் மாதிரி ஒரு வெயிலில் வளர்ந்து, விழுந்து, மண்ணுக்குள் கல்லானவை. சூரியன் அடிக்கடி விளையாட்டுக் காட்டுகிற நட்சத்திரமாக இருந்திருந்தால் அந்தக் காடு அங்கே வளர்ந்திருக்காது.

கதவு மூடிய நாள்

நியூட்ரினோ ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1965இல் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள், காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவும் இருந்தது. அந்தச் சுரங்கம் மூடப்பட்டபின், தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. உள்ளூர் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோனது.

விடை கனடாவிலிருந்து வந்தது. சட்பரியில் ஒரு சுரங்கத்துக்குள் 1,000 டன் கன நீரை வைத்துச் செய்த சோதனை 2001, 2002 ஆண்டுகளில் முடிவு சொன்னது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. சூரியனிலிருந்து கிளம்பும்போது ஒரு வகையாக இருப்பது, வரும் வழியிலேயே வேறு வகையாக மாறிவிடுகிறது. டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகையை மட்டுமே பிடிக்கத் தெரியும். மூன்றையும் சேர்த்து எண்ணினால், பாக்கால் போட்ட கணக்கு அப்படியே சரி!

அதாவது, சூரியன் மேல் போட்ட பழி பொய். அதன் மையம் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. 2002இல் டேவிஸ் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 88. துகள் வகை மாறுவதைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் இன்னொரு நோபல் வந்தது. 2014இல் இத்தாலியின் பொரெக்சினோ சோதனை இன்னும் நேரடியாகவே பார்த்தது. நியூட்ரினோ காட்டும் இன்றைய ஆற்றலும், ஒளி காட்டும் பழைய ஆற்றலும் ஒத்துப்போயின. அடுப்பும் தோசைக்கல்லும் ஒரே சூடு.

மூன்றாம் முயற்சி: 2005

இத்தனைக்குப் பிறகு சூரியனை வைத்து உலகை அழிக்க முடியுமா? 87 வயதில் கிளார்க் மறுபடி முயன்றார், ஸ்டீஃபன் பாக்ஸ்டரோடு சேர்ந்து. நாவலின் பெயர் 'சன்ஸ்டார்ம்'. 2037இல் ஒரு சூரியப் புயல் உலகின் மின்சாரத்தையும் தகவல் தொடர்பையும் முடக்குகிறது. ஆனால் அது வெறும் முன்னோட்டம். 2042இல் வரப்போகிற அடுத்தது பூமியில் உயிரே இல்லாமல் செய்துவிடும்.

காரணம்? இந்த முறை சூரியன் மீது பழி போட வழியில்லை. அது தானாக அப்படிச் செய்யாது என்று உறுதியாகிவிட்டது. ஆகவே வெளியிலிருந்து ஒரு குற்றவாளியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வேற்றுலகவாசிகள் வியாழனைவிடப் பெரிய ஒரு கோளையே சூரியனுக்குள் எறிந்திருக்கிறார்கள். அந்த அடியின் அதிர்வுதான் இப்போது வெளியே வருகிறது. தப்பிக்க, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே எல்1 என்ற புள்ளியில் பூமி அளவுக்கு ஒரு குடையைக் கட்டுகிறார்கள்.

மூன்று கதைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். 1946இல் காரணமே தேவைப்படவில்லை. 1986இல் விடை தெரியாத ஓர் அறிவியல் புதிர் தேவைப்பட்டது. 2005இல் வேற்றுலகவாசிகளும் ஒரு முழுக் கோளும் தேவைப்பட்டன. காரணம் இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்றால், சூரியனைப் பற்றி நாம் அவ்வளவு தெரிந்துகொண்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அப்போ பயமே வேண்டாமா?

உலகம் அழியும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அவர் கதையில் வரும் முதல் புயல், அந்த 2037 முன்னோட்டம், வெறும் கற்பனை அல்ல.

1859 செப்டம்பரில் ஒரு பெரிய சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. அன்று உலகில் மின்சாரத்தை நம்பியிருந்தது பெரும்பாலும் தந்திதான். 1989 மார்ச்சில் அதைவிடச் சிறிய ஒரு புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் கரண்ட் இல்லாமல் செய்தது. 2022 பிப்ரவரியில் ஒரு சுமாரான புயலிலேயே, புதிதாக ஏவிய சுமார் 40 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் விழுந்தன. கிளார்க் 1945இல் கனவு கண்ட அந்த உயரச் சுற்றுப்பாதையில் நிற்கும் செயற்கைக்கோள்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைக் கவனித்து வருகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தைச் சேர்ந்தது. திட்ட இயக்குநர், தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அது நிற்பது, கிளார்க் கதையில் குடை கட்டிய அதே எல்1 பகுதியில். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவு. குடை இல்லை, காவல்காரர். புயல் கிளம்பினால், மின் கட்டமைப்பையும் செயற்கைக்கோள்களையும் தயார்படுத்த நேரம் வாங்கித் தருவதற்கு இப்படிப்பட்ட கண்காணிப்புதான் வழி.

2023 பிப்ரவரியில் சூரியனில் ஒரு துண்டு உடைந்துவிட்டது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். உடைந்தது சூரியன் அல்ல. அதன் வடதுருவத்துக்கு மேலே எழுந்த சூடான வாயுக் கொழுந்து ஒன்று பிரிந்து சுழன்றது, அவ்வளவுதான். அடுத்த முறை இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது நடக்கக் காரணம் என்ன? அதை யார், எந்தக் கருவியில் அளந்தார்கள்? அது நடக்க எவ்வளவு காலம் ஆகும்? சூரியனைப் பொறுத்தவரை, மூன்றாவது கேள்விக்கான பதில் ஒன்று சில மணி, சில நாள் கணக்கில் வரும். அது புயல், சமாளிக்கலாம். இல்லையென்றால் கோடி ஆண்டுக் கணக்கில் வரும். நடுவில் பெரும்பாலும் எதுவும் இல்லை.

கடைசி வெளிச்சம்

கிளார்க்கை இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவு கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தார். 2004 சுனாமியில் ஹிக்கடுவையில் அவர் நடத்திவந்த நீர்மூழ்கும் பள்ளி அழிந்தது. கற்பனையில் எத்தனையோ பேரழிவுகளை எழுதியவரின் வாசலுக்கு நிஜமான ஒன்று கடலிலிருந்து வந்தது. 2005இல் இலங்கை அரசு தன் உயரிய குடிமை விருதான இலங்காபிமான்யாவை வழங்கியது.

2008 மார்ச் 19 அன்று, 90 வயதில், கொழும்பில் காலமானார். விருப்பப்படியே எந்த மதச் சடங்கும் இல்லாமல் கொழும்பு பொது மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதே மார்ச் 19 அன்று விண்வெளித் தொலைநோக்கிகள் ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் நொறுங்கி வெடித்த வெளிச்சம். அந்த நேரத்தில் அந்தத் திசையில் யாராவது பார்த்திருந்தால், கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணுக்கே சுமார் அரை நிமிடம் தெரிந்திருக்கும். அதற்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று வானியல் ஆர்வலர்கள் சிலர் கேட்டார்கள். அந்த வெளிச்சம் கிளம்பியது சுமார் 750 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது நம் சூரியனே பிறந்திருக்கவில்லை.